கூப்பிட்டால் விலகி ஓடும் குட்டி

நீங்கள் எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். மதுரையில் மாடி வீடு. நாலரை மாத ஆண் சிப்பிப்பாறை நாய்க்குட்டி, பெயர் மணி, வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கையில் பிஸ்கட் இருந்தால் ஹாலில் ‘சிட்’ என்றதும் உட்காருகிறான். மொட்டை மாடிக்குப் போனால் ‘வா, வா’ என்று தொண்டை வறளக் கத்தினாலும் வருவதில்லை. கிட்டே போனால் நாலடி தள்ளிப் போய் நின்று பார்க்கிறான். ஒருநாள் கேட் திறந்திருந்த நேரம் தெருவுக்கு ஓடிவிட்டான். இருபது நிமிடம் துரத்திப் பிடித்த பிறகு உங்கள் அப்பா கோபத்தில் இரண்டு அடி போட்டிருக்கிறார். அன்றிலிருந்து இன்னும் மோசம். ‘அடியாத மாடு படியாது’, ‘நாட்டு நாய்க்கு அவ்வளவுதான் புத்தி’, ‘ஆறு மாதம் ஆகட்டும், ட்ரெயினரிடம் விடலாம்’ என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சிட், ஸ்டே, கம் மூன்றையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் கேள்வி வேறு என்று படுகிறது. வீட்டுக்குள் சொன்னதைச் செய்கிற குட்டி வெளியே ஏன் செய்வதில்லை, அதிலும் கூப்பிட்டால் ஏன் விலகிப் போகிறான்? இது புரிந்துவிட்டால் மூன்று சொற்களையும் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை இல்லை.

நான் கோவையில் பதினெட்டு வருடமாக வீடுகளுக்குப் போய் நாய்களைப் பழக்கித் தருகிறேன். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவை என்று நம் நாட்டு நாய்கள் நிறையவே என் கையில் வந்திருக்கின்றன. நான் கால்நடை மருத்துவர் இல்லை. உங்கள் குட்டியை நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன். அதனால் எது உறுதியானது, எது என் அனுபவத்தில் தோன்றியது என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

மணி நன்றாகக் கற்றுக்கொள்கிற குட்டிதான். நீங்கள் நினைத்த பாடத்தைப் படிக்காமல், உண்மையில் நடந்த பாடத்தைப் படித்திருக்கிறான். மாடியில் அவன் புறாவைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது ‘வா’ என்கிறீர்கள். வந்தால் என்ன ஆகிறது? கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போகிறீர்கள். விளையாட்டு முடிந்தது. இது பத்து முறை நடந்தால் ‘வா’ என்ற சத்தத்துக்கு அவன் அகராதியில் ‘இனிமேல் ஜாலி கிடையாது’ என்று பொருள். தெருவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஓடியது ஒரு நேரம், அடி விழுந்தது இருபது நிமிடம் கழித்து. நாய் ஒரு விளைவை, அதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னால் நடந்ததோடுதான் முடிச்சுப் போடும். அடி விழுவதற்கு முந்தைய நொடியில் அவன் என்ன செய்தான்? உங்கள் அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றான். ‘கைக்கு எட்டினால் அடி விழும்’ என்று புரிந்துகொண்டு, இப்போது நாலடி தள்ளி நிற்கிறான். புத்தியில்லாத குட்டி இதைச் செய்யாது.

இந்த அடிப்படையில் சந்தேகமே கிடையாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு, அவை தாழ்ப்பாளைத் திறக்கப் பழகுவதை அளந்து காட்டினார். எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ அது திரும்பத் திரும்ப வரும், எதற்குப் பிறகு கெட்டது நடக்கிறதோ அது குறையும். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேலாக டால்பினிலிருந்து கோழி வரை எல்லாவற்றிடமும் இது சரியாகவே இருந்திருக்கிறது. நாய்க்கு விதிவிலக்கு இல்லை.

அப்பா சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அக்கறையில்தான் சொல்கிறார். அடித்தால் நாய் அடங்கும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ‘நாய் ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்தது, நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற எண்ணம் இருக்கும். இதன் வேர், ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் வெளியிட்ட ஆய்வு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த டேவிட் மெக் 1999-இல் தெளிவாகச் சொன்னார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான், சண்டை போட்டு ஒருவன் தலைவனாகும் கூட்டம் இல்லை. நாய்களிடமே நேரடியாகச் செய்த ஆய்வும் உண்டு. போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தினர் 92 வீட்டு நாய்களைப் பார்த்து 2020-இல் எழுதினார்கள். இழுத்தும் அதட்டியும் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடியிருந்தது. பயிற்சி நேரத்தில் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது போன்ற பதற்றத்தின் அடையாளங்களும் அவற்றிடம் அதிகம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் பார்த்தே தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய முறைக்காரர் ஒருவரிடம் வேலை கற்றேன். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதுதான் பாடம். கன்னி இனத்து ஒரு வயதுப் பெண் நாய் ஒன்று வந்தது. மூன்றே வாரத்தில் சொன்னபடி உட்கார்ந்தது, படுத்தது, காலோடு ஒட்டி நடந்தது. வீட்டுக்காரர் மகிழ்ந்து போனார். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுச் சிறுவன் சங்கிலியைக் கையில் எடுத்தபோது அது மூலையில் ஒடுங்கி மூத்திரம் விட்டது, அவன் கிட்டே போனதும் கையைக் கவ்விவிட்டது. அந்த நாயை அப்படி ஆக்கியதில் என் கையும் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தச் சங்கிலியைத் தொட்டதில்லை. அடித்தால் நாய் ஒன்றைச் செய்யாமல் நிறுத்தும், அது உண்மைதான். ஆனால் யார்மேல், எதன்மேல் அந்தப் பயம் போய் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை.

‘நாட்டு நாய்க்குப் புத்தி கிடையாது’ என்பதற்கு வருகிறேன். நாய்களின் புத்திசாலித்தனத்துக்கு என்று ஒரு தரவரிசை ஊரெல்லாம் சுற்றுகிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-இல் வெளியிட்டது அது. நாய்ப் போட்டி நடுவர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்தது. எந்த இனம் மனிதன் சொன்னதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நம் சிப்பிப்பாறை அதில் இல்லவே இல்லை. லேப்ரடார் வேட்டைக்காரன் சுட்ட பறவையை எடுத்துக்கொண்டு வர உருவான நாய், வாயில் கவ்வித் திரும்பி வருவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. சிப்பிப்பாறை தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு விரட்ட வளர்க்கப்பட்டது. ஓடும்போது பின்னாலிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற நாயால் முயல் பிடித்திருக்க முடியாது. முயல் வேட்டை இன்றைக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் மாறியது குட்டியின் காலுக்குத் தெரியாதே. அதனால் ‘வா’ என்பது மணிக்கு லேப்ரடாரைவிடக் கடினமான பாடம்தான். கடினமான பாடத்துக்குக் கூலியும் கூடுதலாகத் தர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு மாதம் வரை காத்திருப்பது வேண்டாம். அந்தக் கணக்கு, சங்கிலியை இழுத்துப் பழக்கிய காலத்தில் சின்னக் கழுத்து தாங்காது என்பதால் வந்தது. சாப்பாடு கொடுத்துப் பழக்க எட்டு வாரக் குட்டியே போதும். சொல்லப்போனால் உலகத்தைப் பயமில்லாமல் பார்க்கக் கற்கும் பருவம் மூன்று வாரத்தில் தொடங்கி மூன்று மாதம், மூன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மணி அதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. பார்வோ உள்ளிட்ட தடுப்பூசித் தொடர், ரேபீஸ் ஊசி எல்லாம் முடிந்துவிட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வேறு வேறு தரை, வேறு வேறு மனிதர்கள், ஆட்டோ சத்தம், குக்கர் விசில் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

இப்போது சொல். தமிழில் சொல்லலாமா, இங்கிலீஷிலா என்று கேட்டிருந்தீர்கள். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ‘வா’ என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘சாப்பிட வா’, ‘சீக்கிரம் வா’, ‘உள்ளே வாங்க’. இத்தனையும் குட்டியின் காதில் விழுகின்றன, எதுவும் அவனுக்கு இல்லை. பெயரும் அப்படித்தான். ‘மணி என்ன?’, ‘மணி ஆச்சு’, ‘எத்தனை மணிக்கு?’ என்று நாள் முழுக்க அவனைக் காரணமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க அவன் பழகியிருப்பான். பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கூப்பிடுவதற்குப் புதுச் சொல் வேண்டும், ஏற்கெனவே கறைபட்ட ‘வா’வை விட்டுவிடுங்கள். நான் நாட்டு நாய்களுக்கு ‘ஓடியா’ வைக்கிறேன். பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த ராகத்தோடு ‘ஓடியா, ஓடியா’ என்றால் எந்த அப்பா சொன்னாலும் கோபம் தொனிக்காது. ‘சிட்’ ஏற்கெனவே தெரியும், அது அப்படியே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். பாட்டி ‘உக்காரு’, நீங்கள் ‘சிட்’, தம்பி ‘சிட் டவுன்’ என்றால் அவனுக்கு அவை மூன்று பாடம்.

கையில் பிஸ்கட் இருந்தால்தான் உட்காருகிறான் என்றீர்களே, அதை முதலில் சரிசெய்யலாம். அவன் ‘சிட்’ என்ற சொல்லைக் கேட்டு உட்காரவில்லை, பிஸ்கட் பிடித்த கையைப் பார்த்து உட்காருகிறான். ஒரு கோணியோ பழைய பாயோ விரியுங்கள். இந்த இனங்களுக்குத் தொடைச் சதை இறுக்கம், மேலே கொழுப்பும் இல்லை. வழவழப்பான டைல்ஸில் பின்னங்கால் வழுக்கும், உட்காரச் சங்கடப்படும். கோழிக்கறித் துண்டு ஒன்றைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து மூக்குக்கு நேராக, ஒட்டினாற்போல வையுங்கள். கையை மெதுவாக நெற்றிக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் இடுப்பு தானாகக் கீழே இறங்கும். கையை ரொம்ப உயர்த்தினால் எம்பிக் குதிப்பான், அது உங்கள் கையின் தவறு. பின்பாகம் பாயைத் தொட்ட அந்த நொடியில் ‘சபாஷ்’ என்று ஒரே ஒரு முறை, சின்னதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் துண்டைக் கொடுங்கள். சொல் முதலில், சாப்பாடு அடுத்து. ‘இதற்குத்தான் கூலி’ என்று அவனுக்குக் காட்டும் அடையாளம் அந்தச் சொல். நாலைந்து முறை ஆனதும், அதே கை அசைவை வெறும் கையால் செய்யுங்கள். உட்கார்ந்ததும் ‘சபாஷ்’ சொல்லி, அடுத்த கையிலிருந்தோ மேசை மேலிருந்த கிண்ணத்திலிருந்தோ கொடுங்கள். அதற்கடுத்துத்தான் கையை அசைப்பதற்கு ஒரு நொடி முன்னால் ‘சிட்’. வெறும் கை பார்த்தும் உட்காரும் குட்டி இரண்டு மூன்று நாளில் கிடைப்பான். முதுகை அழுத்தி உட்கார வைக்காதீர்கள், அழுத்தினால் எதிர்த்து நிற்கத்தான் உடம்பு முயலும்.

ஹாலில் கற்றது மாடியில் ஏன் மறக்கிறது என்றால், மறக்கவில்லை. நாய் பாடத்தை இடத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறது. ‘ஹாலில், பாய்மேல், அம்மா நிற்கும்போது, சிட்’ என்பது முழுதும் அவனுக்கு ஒரே பாடம். சமையலறையில், வாசலில், படிக்கட்டில், மாடியில் ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து, ஆனால் ஒவ்வொரு முறையும் சீக்கிரமாக, மறுபடி சொல்லித்தர வேண்டும். இதை எதிர்பார்த்துத் தொடங்கினால் எரிச்சல் வராது.

இனி ‘ஓடியா’. முதல் மூன்று நாள் அவனிடம் எதையும் கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்கும்போதே ‘ஓடியா’ என்று சொல்லிக் கையில் உள்ளதிலேயே மிகச் சிறந்ததைக் கொடுங்கள். அவன் என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி. ஒரு வேளைக்கு ஏழெட்டு முறை போதும். மூன்றாம் நாள் கவனித்துப் பாருங்கள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான், சொல் விழுந்ததும் முதலில் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும், அப்புறம் கழுத்து, அப்புறம் முன்னங்கால் மண்ணிலிருந்து எழும்பும். காது திரும்புகிற அந்த இடத்திலேயே ‘சபாஷ்’ சொல்லிவிட்டால் மீதி உடம்பு தானாக வந்து சேரும். பெரும்பாலானவர்கள் குட்டி கைக்கு வந்த பிறகுதான் பாராட்டுகிறார்கள். நான் திரும்பும் முடிவையே பாராட்டச் சொல்வேன், ஏனென்றால் புறாவா நீங்களா என்று அவன் தீர்மானிப்பது அந்த அரை நொடியில்தான்.

பிறகு மூன்றடி தூரத்திலிருந்து, அடுத்த அறையிலிருந்து, அப்புறம் நீங்களும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்று மாறி மாறிக் கூப்பிடுங்கள். அவன் வந்ததும் இன்னொரு காரியம் செய்ய வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கையால் கழுத்துப் பட்டையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊட்டுங்கள், அப்புறம் ‘போ’ என்று விட்டுவிடுங்கள். பட்டையைத் தொடும் கை விளையாட்டை முடிக்க வரவில்லை, கறி கொடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நாலடி தள்ளி நிற்கும் பழக்கம் உடைவது இங்கேதான். அப்பாவையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பிடியை ஒரு வாரத்துக்கு அவர் கையாலேயே ஊட்டட்டும். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, கையை நீட்டி வைத்தால் போதும், கூப்பிடக்கூட வேண்டாம்.

இந்தச் சொல்லுக்கு மூன்று காவல் உண்டு. குளிப்பாட்ட, நகம் வெட்ட, மாத்திரை கொடுக்க, விளையாட்டை முடிக்க ‘ஓடியா’ சொல்லாதீர்கள், நீங்களே நடந்து போய்த் தூக்கி வாருங்கள். இரண்டாவது, வரமாட்டான் என்று தெரிந்த நேரத்தில் சொல்லாதீர்கள். சொல்லியும் வரவில்லையென்றால் பத்து முறை கத்தாமல், முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் வேகமாக நடங்கள், அல்லது குத்தவைத்து உட்காருங்கள். துரத்தாதீர்கள். ஓடும் நாயைத் துரத்துவது அதற்கு உலகத்திலேயே பிடித்த விளையாட்டு, நாம் ஓடினால் அது நம்மைத் துரத்தும். மூன்றாவது, எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், எவ்வளவு கோபம் இருந்தாலும், வந்துவிட்டால் கூலி உண்டு.

மாடிக்குப் போவதற்கு முன்னால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பாருங்கள். இது பயிற்சியைவிட முக்கியம். வளர்ந்த சிப்பிப்பாறைக்கு மூன்றடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, புறா சுவருக்கு அந்தப் பக்கம் பறந்தால் கால் நிற்காது. உயரம் போதாவிட்டால் வலை கட்டுங்கள், இல்லையென்றால் மாடியில் கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். கயிறு என்றால் ஐந்து மீட்டர் பருத்திக் கயிறு, ஹார்டுவேர் கடையில் கிடைப்பதே போதும். நைலான் கையை அறுக்கும். அதைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள். இந்த நாய்கள் இரண்டு எட்டில் முழு வேகம் பிடிக்கும், கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுத்தால் காயம். தலை ஒடுக்கம் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டும் வந்துவிடும். கயிற்றால் இழுத்து வரவழைக்கக் கூடாது, அது ஓடிப் போகாமல் இருக்க மட்டும்தான். தெருவில் எவ்வளவு நன்றாகப் பழகிய நாயையும் நான் அவிழ்த்து விடுவதில்லை. வண்டி, தெருநாய்க் கூட்டம், குறுக்கே ஓடும் பூனை இவற்றின் முன்னால் எந்தச் சொல்லையும் நம்ப முடியாது.

‘ஸ்டே’ பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. உட்கார வைத்து ஒரு நொடி, ‘சபாஷ்’, கூலி. இரண்டு நொடி, ஐந்து நொடி. நேரம் கூடும்போது தூரத்தைக் கூட்டாதீர்கள், தூரம் கூடும்போது நேரத்தைக் குறையுங்கள். எழுந்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். ‘விடு’ இதைவிட உபயோகமானது. கறித் துண்டை உள்ளங்கையில் மூடிப் பிடித்து முன்னால் நீட்டுங்கள். நக்குவான், சுரண்டுவான், பல்லால் உரசுவான். பேசாமல் இருங்கள். ஒரு கட்டத்தில் மூக்கை விலக்கி உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்போது ‘சபாஷ்’, மறு கையிலிருந்து இன்னொன்று. ரோட்டில் கிடக்கும் எலும்பை அவன் விட்டுவிட்டு வருவதற்கு அஸ்திவாரம் இது. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும் காலம், எல்லாவற்றையும் கடிப்பான். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீஸரில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தால், குட்டிதானே என்று விட்டுவிடாமல் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி டாக்டரைப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று நான் சொல்வது அனுபவக் கணக்குதான். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து 2011-இல் செய்த ஆய்வில், தினமும் பயிற்சி பெற்றவற்றைவிட வாரம் ஒன்றிரண்டு நாள் பெற்றவை அதே பாடத்தைக் குறைவான பயிற்சித் தடவைகளிலேயே கற்றன. ஆகவே ஒருநாள் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள். ‘டிக்’ என்று சத்தமிடும் கிளிக்கர் வாங்க வேண்டுமா என்பதிலும் முடிவான பதில் இல்லை. வாய்ச்சொல்லைவிடக் கிளிக்கர் வேகம் என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை. எனக்கு ‘சபாஷ்’ போதுமாக இருக்கிறது. மதுரை வெயிலுக்குக் காலை ஆறரைக்குள், மாலை ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மாடித் தரையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லையென்றால் அவன் பாதத்துக்கும் அது சூடுதான்.

கூலிக்கு பிஸ்கட் வேண்டாம், சர்க்கரையும் மைதாவும்தான் அதில். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, ஈரல், முட்டை எதுவானாலும் மொச்சைக் கொட்டை அளவுக்கு நறுக்கினால் போதும். வீட்டில் சைவம் என்றால் பனீர். இவை அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், தட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் சேர்ந்த குழம்புக்கறி இவை நாய்க்கு விஷம்.

ட்ரெயினரிடம் விடுவது பற்றி. நாயை ஒரு மாதம் அவரிடமே விட்டு வரச் சொல்லும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே அவன் அந்த ஆள் சொன்னதைக் கேட்கப் பழகுவான், உங்கள் வீட்டுப் பாடம் அப்படியே காத்திருக்கும். வீட்டுக்கு வந்து சொல்லித்தருபவரைத் தேடுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள், தவறினால் என்ன செய்வீர்கள், நான் கூடவே நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்க’ என்று பதில் வந்தால் வந்துவிடுங்கள். நான் எழுத்தில் உதவ முடியாத இடங்களும் உண்டு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறைந்து நின்று உறுமுகிறான், தொட்டால் கத்துகிறான், திடீரென்று நொண்டுகிறான் என்றால் அது பயிற்சி விஷயம் இல்லை, முதலில் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு முன்னறிவிப்பு. மூன்று மாதம் கழித்து எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மணி மறுபடி கேட்காமல் போவான். இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னதும் உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னால் தயங்கின, அறிமுகமில்லாதவர் சொன்னால் தயங்கவில்லை. விடலைப் பருவம். அது கொஞ்ச நாளில் கடந்துபோகிறது. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் மறுபடி கை ஓங்குகிறது. அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கயிற்றை மறுபடி மாட்டி, மூன்றடி தூரத்திலிருந்து திரும்பவும் தொடங்கினால் போதும். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழெட்டுத் துண்டு ஈரலை நறுக்கி வைத்துக்கொண்டு அந்த முதல் ‘ஓடியா’வைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அவன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்று எழுதுங்கள்.